கனடா வசிப்புரிமை: அரை மதிப்பெண்ணில் போன 58 புள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் கால் பக்க அளவில் வெளிவந்த ஒரு விளம்பரத்தைப் பற்றி எழுதுகிறேன். ‘கனடாவில் நிரந்தரக் குடியுரிமை, 67 புள்ளிகள் இருந்தால் போதும், வேலைக் கடிதத்துக்குக் கூடுதலாக 50 புள்ளிகள், எட்டே மாதத்தில் உறுதி’ என்று அதில் அச்சாகியிருந்தது. இந்த நான்கில் ஒன்றுகூடச் சரியில்லை. ஏறக்குறைய இதே சொற்களை 2023-ஆம் ஆண்டில் ஓர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, நம்பி, பணமும் கட்டி, அதைவிடப் பெரியதாக ஒரு வாய்ப்பையும் இழந்த குடும்பம் எங்களுடையது என்பதால், இதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாகக் கருதுகிறேன்.

என் மகள் இயன்முறை மருத்துவர். இளநிலையும் முதுநிலையும் முடித்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய நிலையில், கனடாவுக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். அப்போது அவளுக்கு 29 வயது. நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் பணிபுரிந்து கிளை மேலாளராக ஓய்வு பெற்றவள். படிவங்களையும் விதிமுறைகளையும் வாசித்தே வாழ்நாளைக் கழித்தவள். அப்படிப்பட்ட நானே, அந்தக் கன்சல்டன்சி அலுவலகத்தில் எங்கள் முன் வைக்கப்பட்ட ஒரு தாளைப் பார்த்து ஏமாந்தேன். வயதுக்கு 12, கல்விக்கு 23, ஆங்கிலத்துக்கு 23, அனுபவத்துக்கு 13, ஆக மொத்தம் 71 என்று அதில் கூட்டிக் காட்டியிருந்தார்கள். ‘67 வேண்டும், உங்களுக்கு நான்கு புள்ளி அதிகமாகவே இருக்கிறது’ என்றார்கள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அதே நாளில் முதல் தவணையாக அறுபதாயிரம் ரூபாய் செலுத்தினோம்.

அந்த 67 என்ன என்பதை நம் ஊர்ப் பெற்றோருக்கு விளங்கும் வகையில் சொல்வதானால், அது பிளஸ் 2 தேர்வில் தேர்ச்சி பெறுவதைப் போன்றது. தேர்ச்சி பெற்றவர் அனைவருக்கும் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதில்லை. அதற்குத் தரவரிசைப் பட்டியல் ஒன்று உண்டு, கட்-ஆஃப் ஒன்று உண்டு. கனடாவின் திறன்மிகு பணியாளர் திட்டத்தில் நூற்றுக்கு 67 பெற்றவர், 2015 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையின் பட்டியலில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளத் தகுதி பெறுகிறார். அவ்வளவுதான். பட்டியலுக்குள் நுழைந்த பிறகு சி.ஆர்.எஸ். எனப்படும், 1,200-ஐ உச்சமாகக் கொண்ட வேறோர் அளவுகோலில் அவர் மதிப்பிடப்படுகிறார். சில வாரங்களுக்கு ஒருமுறை அந்நாட்டுக் குடிவரவுத் துறை ஒரு கட்-ஆஃப் புள்ளியை அறிவித்து, அதற்கு மேலுள்ளவர்களை மட்டும் விண்ணப்பிக்குமாறு அழைக்கிறது. கட்-ஆஃப் புள்ளியிலேயே பலர் நின்றால், முன்னதாகப் பதிவு செய்தவருக்கு முன்னுரிமை. அழைப்பு வராதவர் எத்தனை தகுதி உடையவராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியவரே. ஆண்டுதோறும் பொறியியல் கலந்தாய்வைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் இரண்டாவது அளவுகோல் ஒன்று இருப்பதையே எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இந்த இரண்டாவது அளவுகோலில் என் மகளின் கணக்கை விரிவாகத் தருகிறேன், ஏனெனில் பாடம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. மணமாகாத விண்ணப்பதாரருக்கு 20 முதல் 29 வயது வரை 110 புள்ளிகள். முதுநிலைப் பட்டத்துக்கு 135. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கில மொழித் தேர்வின் பொதுப் பயிற்சிப் பிரிவில் அவள் கேட்டலில் 8, வாசித்தலில் 7.5, பேசுதலில் 7, எழுதுதலில் 6.5 வாங்கியிருந்தாள். கனடா இம்மதிப்பெண்களைத் தன்னுடைய சி.எல்.பி. என்ற மொழித்திறன் படிநிலைகளுக்கு மாற்றிக்கொள்கிறது. ஒன்பதாம் படியை எட்டக் கேட்டலில் 8-உம் மற்ற மூன்றில் தலா 7-உம் தேவை. ஒன்பதாம் படியில் நிற்கும் ஒவ்வொரு திறனுக்கும் 31 புள்ளிகள். எட்டாம் படியில் 23. என் மகள் மூன்றில் ஒன்பதாம் படியிலும், எழுதுதலில் மட்டும் எட்டாம் படியிலும் இருந்தாள்.

எட்டுப் புள்ளிகள்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கல்வியையும் மொழியையும் சேர்த்தும், கனடாவுக்கு வெளியே பெற்ற பணி அனுபவத்தையும் மொழியையும் சேர்த்தும் தனியாக வழங்கப்படும் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றில்தான் முடிச்சு விழுகிறது. நான்கு திறன்களிலும் ஒன்பதாம் படி இருந்தால் முதுநிலைப் பட்டத்துக்காக 50, மூன்றாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அனுபவத்துக்காக 50 கிடைக்கும்; ஒரே ஒரு திறன் எட்டில் நின்றாலும் இரண்டும் 25, 25 என்று பாதியாகிவிடும். ஆக, எழுதுதலில் அரை மதிப்பெண் குறைந்ததற்காக அவள் இழந்தவை 8-உம் 25-உம் 25-உம் சேர்ந்து 58 புள்ளிகள். 469 ஆக இருந்திருக்க வேண்டியது 411 ஆக நின்றது. வாசகர்கள் இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இதற்கென்றே இலவசக் கணிப்பான் இருக்கிறது, பத்து நிமிடங்களில் விடை கிடைத்துவிடும்.

தேர்வை மீண்டும் எழுதலாமா என்று என் மகள் 2023 மே மாதத்தில் அந்த அலுவலகத்தில் கேட்டாள். ‘தேவையில்லை, கட்-ஆஃப் இறங்கும், காத்திருங்கள்’ என்பதே பதில். இந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு எவ்வளவு விலையாயிற்று என்பதைச் சொல்கிறேன். அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் கனடா, மருத்துவத் துறையினர், பிரெஞ்சு மொழி அறிந்தவர்கள், கைத்தொழில் வல்லுநர்கள் எனச் சில பிரிவினரைத் தனித்தனியாக அழைக்கும் முறையைத் தொடங்கியது. மருத்துவப் பிரிவில் இயன்முறை மருத்துவர்களும் அடங்குவர். அப்பிரிவின் கட்-ஆஃப் 2023 அக்டோபர் 26 அன்று 431. 2024 பிப்ரவரி 14 அன்று 422. இவ்விரு நாள்களிலும் சேர்த்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அழைக்கப்பட்டார்கள். எழுதுதலில் ஏழு வாங்கியிருந்தால் முதல் அழைப்பின்போது என் மகள் 469-இல் இருந்திருப்பாள். ஜனவரியில் முப்பது வயது நிறைந்ததற்காக ஐந்து புள்ளிகளைக் கழித்தாலும் இரண்டாம் அழைப்பின்போது 464-இல் இருந்திருப்பாள். 411-இல் நின்றவளை இரண்டு அழைப்புகளும் கடந்து சென்றன. 2025 மே மாதம் அதே பிரிவின் கட்-ஆஃப் 510 ஆக உயர்ந்திருந்தது.

கட்-ஆஃப் இறங்கியது உண்மைதான். ஆனால் அது இறங்கிய நாளில் அவள் தயாராக இல்லை. தேர்வை மீண்டும் எழுத ஆகியிருக்கக்கூடிய செலவு, நாங்கள் கட்டிய முதல் தவணையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வயதைப் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘காத்திருங்கள்’ என்ற சொல் மற்ற எல்லா இடங்களிலும் பொறுமையைக் குறிக்கலாம். இந்த முறையில் அது இழப்பைக் குறிக்கிறது. 29 வயதில் 110 ஆக இருப்பது 30-இல் 105, 31-இல் 99, 35-இல் 77, 40-இல் 50, 45-இல் பூஜ்யம். பிறந்தநாளன்று கணினி தானாகவே கழித்துவிடும். மொழித்தேர்வு முடிவுக்கு இரண்டு ஆண்டுகள்தான் ஆயுள். கல்வித் தகுதி மதிப்பீட்டு அறிக்கைக்கு ஐந்து ஆண்டுகள். பட்டியலில் உள்ள பதிவுக்குப் பன்னிரண்டு மாதங்கள். எங்கள் பதிவு 2024 மே மாதத்தில் காலாவதியானபோது, அதைப் புதுப்பிக்க மேலும் பதினைந்தாயிரம் ரூபாய் கேட்டார்கள். பதிவு செய்வதற்கோ மீண்டும் பதிவு செய்வதற்கோ கனடா அரசு ஒரு காசுகூட வாங்குவதில்லை என்பது அன்றிரவு என் மகள் குடிவரவுத் துறையின் பக்கங்களைத் தானே உட்கார்ந்து வாசித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அரசுக்குரிய கட்டணம் அழைப்பு வந்த பிறகே செலுத்தப்படுவது. 2024 ஏப்ரல் 30 அன்று முதன்மை விண்ணப்பதாரருக்கு அது 1,525 கனடிய டாலராக உயர்த்தப்பட்டது. கைரேகைப் பதிவுக்குத் தனியாக 85 டாலர்.

பதிவின் கடவுச்சொல் எங்களிடம் இல்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. என் மகளின் பெயரில் அவர்களே ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கி, அதன் வழியாகவே எல்லாவற்றையும் நடத்தியிருந்தார்கள். அவள் சார்பில் என்ன எழுதப்பட்டது என்பதை அவளே பார்த்ததில்லை. இது சிறிய குறையன்று. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் நுழைய இயலாது. எழுதியது முகவர்தான் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அதே சட்டத்தின் 91-ஆவது பிரிவு, பணம் பெற்றுக்கொண்டு ஆலோசனை சொல்லவும் சார்பாளராகச் செயல்படவும் யாருக்கெல்லாம் உரிமை உண்டு என்பதை வரையறுக்கிறது: கனடிய வழக்கறிஞர் மன்றங்களில் பதிவு பெற்றவர்கள், கியூபெக் மாகாணத்தின் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரி எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவர்கள். அந்த அமைப்பின் பொதுப் பதிவேட்டில் எவருடைய பெயரையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நாங்கள் பணம் கட்டிய அலுவலகத்தில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. முறையான உரிமம் பெற்று நேர்மையாகத் தொழில் செய்யும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். சிக்கலான வழக்குகளில் அவர்கள் உதவி அவசியமும்கூட. ஆனால் அவர்களாலும் புள்ளிகளை உண்டாக்கித் தர இயலாது. புள்ளிகள் விண்ணப்பதாரரின் வயதிலும் படிப்பிலும் மொழியிலும் உழைப்பிலும் இருக்கின்றன.

தங்கள் விளம்பரத்தில் கண்ட ‘வேலைக் கடிதத்துக்கு 50 புள்ளிகள்’ என்பது முன்பு இருந்த விதி. போலி வேலைக் கடிதங்கள் விலைக்கு விற்கப்படுவதைத் தடுக்கும் பொருட்டு, 2025 மார்ச் 25 முதல் சி.ஆர்.எஸ். கணக்கில் அப்புள்ளிகளைக் கனடா முழுவதுமாக நீக்கிவிட்டது. இன்று அந்த வாக்கியத்தை நம்பி லட்சக்கணக்கில் கொடுத்து ஒரு கடிதத்தை வாங்குபவர், ஒரு புள்ளியையும் பெறாமல், பொய் ஆவணம் அளித்த குற்றத்துக்கும் ஆளாகக்கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் அந்த விளம்பரத்தை மீண்டும் வெளியிட வேண்டாம் என்று தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

குடியுரிமை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு விண்ணப்பம் உண்டு. விளம்பரங்களில் மட்டுமல்லாமல் தங்கள் செய்திகளிலும் பி.ஆர். என்பதை ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதுகிறீர்கள். அது வசிப்புரிமைதான். அதைப் பெற்றவர் இந்தியக் குடிமகனாகவே, இந்தியப் பாஸ்போர்ட்டுடனேயே இருக்கிறார். கனடாவில் வாக்களிக்க இயலாது. ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 730 நாள்கள் அங்கே தங்கியிருக்க வேண்டும் என்ற கடப்பாடும் உண்டு. இந்தச் சொல் பிழையால், ஊருக்குத் திரும்பி வந்து பெற்றோருடன் சில ஆண்டுகள் இருந்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று எண்ணிய ஒருவரை எனக்குத் தெரியும்.

வங்கியில் இருந்தவள் என்ற முறையில், பணம் குறித்து நான் கண்டவற்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அங்கே சென்று குடியேறுவதற்கான செலவுத்தொகை தம்மிடம் உள்ளது என்று விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். 2025 ஜூலையில் புதுப்பிக்கப்பட்ட அளவின்படி தனி ஒருவருக்கு 15,263 கனடிய டாலர், நால்வர் குடும்பத்துக்கு 28,362 டாலர் என இருந்தது. வங்கி தரும் கடிதத்தில் கணக்கு தொடங்கிய நாள், தற்போதைய இருப்பு, கடந்த ஆறு மாதங்களின் சராசரி இருப்பு, நிலுவையில் உள்ள கடன்கள் ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், முந்தைய வாரம் யாரிடமோ கைமாற்றாக வாங்கிய பத்து லட்சத்தைக் கணக்கில் போட்டுவிட்டு இருப்புச் சான்று கேட்டு வந்த இளைஞர்கள் பலர். ‘ஏஜென்ட் இப்படித்தான் செய்யச் சொன்னார் மேடம்’ என்பார்கள். கடன் வாங்கிய பணத்தைச் செலவுத்தொகையாகக் காட்டக்கூடாது என்பது விதி. ஆறு மாதச் சராசரி என்பது கேட்கப்படுவதே இதைக் கண்டுபிடிக்கத்தான். பெற்றோர் மனமுவந்து கொடுப்பதாயிருந்தால் அதைத் தான உறுதிக் கடிதத்துடன், முன்கூட்டியே, வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். அந்த இளைஞர்களில் சிலரை உட்கார வைத்து இதை விளக்கியிருக்கிறேன். விளக்காமல் அனுப்பியவர்களும் உண்டு. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நெருக்கடியில் அப்படிச் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்கே உரியது. நம் பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்துடன் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து பின்னால் வந்திருக்கும். கல்வித் தகுதியை மதிப்பிடும் நிறுவனங்களுக்கு இவை மூன்று வெவ்வேறு மனிதர்களாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி உறுதிமொழியைத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அதைவிடக் காலம் பிடிப்பது, மதிப்பெண் விவரங்களைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்புவது. என் மகளின் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஐந்து மாதங்கள் ஆயின; இரண்டு முறை சென்னைக்குப் போய் வந்தோம். வயதுக்குப் புள்ளி குறைந்துகொண்டே போகும் ஒரு முறையில் ஐந்து மாதம் என்பது சில பிள்ளைகளுக்கு ஒரு பிறந்தநாள். இதை உயர்கல்வித் துறையின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவமனையிடம் அனுபவச் சான்று பெறுவதும் எளிதாக இல்லை. பணியாற்றிய காலம், பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஊதியம், செய்த பணிகள் ஆகியவை நிறுவனத்தின் தலைப்புத்தாளில் எழுதப்பட வேண்டும். நம் ஊரில் ‘இவர் இங்கே பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்’ என்ற இரண்டு வரிக்கு மேல் எழுதித் தர யாரும் முன்வருவதில்லை. மேலும், வசிப்புரிமை கிடைத்துவிட்டாலே அங்கு இயன்முறை மருத்துவராகப் பணியாற்றலாம் என்பதும் இல்லை. அதற்குத் தகுதித் தேர்வெழுதி, அந்தந்த மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பிடம் தனியே உரிமம் பெற வேண்டும். செவிலியர்களுக்கும் இதுவே. இதையும் எங்களிடம் பணம் வாங்கியவர்கள் சொல்லவில்லை.

இவ்வளவு சொன்னாலும், இந்தப் புள்ளி முறையின் மீது எனக்கு மனக்குறை இல்லை. 1967-ஆம் ஆண்டு கனடா இதைக் கொண்டுவந்தபோது, எந்த நாட்டிலிருந்து, எந்த இனத்திலிருந்து வருகிறார் என்பதற்கு மாறாக, என்ன படித்தார், என்ன மொழி அறிவார், என்ன வேலை தெரியும் என்பதைக் கேட்கும் முறையாக அது அமைந்தது. முகம் பாராமல் கணக்குப் பார்க்கும் முறை அது. அந்தக் கணக்கு யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது; ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும் இருப்பதுதான் நம் ஊர்ப் பெற்றோருக்குத் தடை. அந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். தங்கள் நாளிதழ் வேலைவாய்ப்புப் பக்கத்தில் மாதம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கி, அந்த மாதத்தின் கட்-ஆஃப் புள்ளிகளையும் மாறிய விதிகளையும் தமிழில் வெளியிட்டால் அந்த இடைவெளி பெருமளவு குறையும். வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள்சேர்க்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், குடிபெயர விரும்புவோருக்கு மாவட்டந்தோறும் ஆலோசனை நாள் ஒன்றை நடத்த முன்வரலாம். விளம்பரங்களைப் பொறுத்தவரை, ‘உறுதி’ என்று அச்சிடக் கேட்பவரிடம் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அதையும் விளம்பரத்திலேயே வெளியிடுமாறு தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 31 வயது நிறைந்துவிட்டது. பழைய பதிவைக் கைவிட்டு, தன் சொந்த மின்னஞ்சலில், தன் கையால் புதிய பதிவொன்றைத் தொடங்கவிருக்கிறாள். நான்கு திறன்களிலும் பத்தாம் படியை எட்டினால் 99, 135, 136, 100 எனக் கூட்டி 470 புள்ளிகள் வரும். முப்பத்திரண்டு வயது நிறைவதற்குள் எட்ட வேண்டும், நிறைந்தால் ஐந்து புள்ளிகள் போய்விடும். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் ஒரு கட்டுரை எழுதுகிறாள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பது என் வேலை. அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை தேர்வு.

அவள் மீண்டும் விண்ணப்பிக்கவிருப்பதால், என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் கிளை மேலாளர்,
திருவரங்கம், திருச்சி.